பசித்தவர் திறந்த கடை

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரை நகரங்களில் இத்தாலியர் செறிந்து வாழ்ந்த தெருக்கள் சில இன்றும் தம் பழைய அடையாளத்தைக் காத்து நிற்கின்றன. நியூயோர்க்கின் மல்பெரி வீதி, பொஸ்ரன் நகரின் நோர்த் என்ட் பகுதி, பிலடெல்பியாவின் ஒன்பதாம் வீதி ஆகியவற்றிலே இத்தாலியப் பலசரக்குக் கடைகளைக் காணலாம். வளையிற் கயிறு கட்டித் தொங்கவிட்ட புரொவொலோனே என்னும் பாற்கட்டிகள். அவற்றினருகே பதனிட்ட இறைச்சியாலான சலாமிகள். கண்ணாடிப் பெட்டியினுள்ளே உப்புநீரில் ஊறும் ஒலிவக் காய்கள். தட்டுகளிலே ஒலிவ எண்ணெய்ப் பேணிகள், தக்காளிப் பேணிகள், பல வடிவான மக்கரோனி வகைகள். மூலையில் உப்பிட்டு உலர்த்திய கொட் மீன். வாங்குபவர் கேட்கும் அளவுக்கு இறைச்சியையும் பாற்கட்டியையும் மெல்லியதாகச் சீவிப் பாணுக்குள் வைத்துக் கொடுப்பதும் இக்கடைகளின் வழக்கம்.

இக்கடைகளைப் பற்றி விளம்பரங்கள் ஒரு கதை சொல்கின்றன. பாட்டன் தன் கிராமத்தில் உண்டதையே பேரன் நியூயோர்க்கில் உண்கிறான், கடல் கடந்தும் மரபு மாறவில்லை என்பதே அக்கதை. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயின், அந்தப் பாட்டன் தன் கிராமத்தில் உண்மையில் எதை உண்டான்? இக்கேள்வியை எழுப்பியதும் கதை ஆட்டங் காண்கிறது. கடையின் தட்டுகளில் நாம் காணும் பண்டங்களை இத்தாலிய விவசாயி விளைவித்தான். அவற்றுட் பலவற்றை அவன் உண்டதில்லை. அவை அவனுடைய அன்றாட உணவானது அமெரிக்காவிலேதான். அது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஈண்டு நோக்குவோம்.

விளைத்தவன் உண்ணாத உணவு

1860-ஆம் ஆண்டு மே மாதத்திலே கரிபால்டி தமது படையுடன் சிசிலித் தீவில் இறங்கியபோது, விடுதலையுடன் நிலமும் வருமென விவசாயிகள் நம்பினர். அந்நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. எத்னா மலையடிவாரத்திலுள்ள புரோன்றே என்னும் ஊரின் பெருநிலம், 1799-இல் நேப்பிள்ஸ் அரசரால் ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனுக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. 1860 ஆகஸ்டில் அவ்வூர் மக்கள் நிலங்கேட்டுக் கிளர்ந்தனர். கலகத்தில் ஊர்ப் பெரியோர் பலர் கொல்லப்பட்டனர். கலகத்தை அடக்க வந்தவர் கரிபால்டியின் தளபதி நினோ பிக்ஸியோ. அவசர விசாரணையொன்றின் பின் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். விடுதலைப் படையின் துப்பாக்கி விவசாயியின் பக்கந் திரும்பியதை அத்தீவு மறக்கவில்லை.

1861-இல் இத்தாலிய இராச்சியம் பிரகடனப்படுத்தப்பட்டது. திருச்சபையிடமிருந்து அரசு கையேற்று விற்ற நிலங்களிற் பெரும்பங்கு, பணம் படைத்தோர் கைக்கே சென்றது. 1869 தொடக்கத்திலிருந்து தானியம் அரைப்பதற்கு வரி விதிக்கப்பட்டது. மாவரைக்கும் ஆலைகளிலே கல்லின் சுழற்சியை எண்ணுங் கருவிகள் பூட்டப்பட்டன. ஏழையின் பாண் அடுப்புக்குப் போகுமுன்னரே அரசு தன் பங்கை எடுத்துக்கொண்டது. நாடெங்கும் கலகம் மூண்டது, பலர் உயிரிழந்தனர். அவ்வரி முற்றாக நீங்கியது 1884-இலேதான்.

அதே காலத்தில் நீராவிக் கப்பல்கள் அமெரிக்கக் கோதுமையை மலிவாக ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தன. இத்தாலியில் தானிய விலை சரிந்தது. 1887-இல் அரசு காப்பு வரி விதித்தது. அதனாற் பயன்பெற்றோர் பெருநில உடைமையாளரும் வடபகுதி ஆலை முதலாளிகளுமே. பிரான்சுடன் வர்த்தகப் பகை மூண்டதால் தென்பகுதியின் வைன் விற்பனை நொடித்தது. திராட்சைக் கொடியை அழிக்கும் பைலொக்செரா என்னும் பூச்சி எஞ்சியதையுங் கெடுத்தது. 1891 முதல் சிசிலி விவசாயிகளும் கந்தகச் சுரங்கத் தொழிலாளரும் பாஷி எனப்பட்ட சங்கங்களிலே திரண்டு நியாயமான குத்தகையும் கூலியுங் கேட்டனர். 1894 ஜனவரியில் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்து அவற்றை நசுக்கிய பிரதமர் கிறிஸ்பி, ஒரு காலத்திற் கரிபால்டியின் தோழர். தாமே சிசிலியிற் பிறந்தவர்!

இக்காலத்து விவசாயியின் உணவு யாது? கலப்புத் தானியத்தாலான கரடுமுரடான பாண், அவரை, வெங்காயம், வயலோரத்துக் கீரை. வெள்ளைக் கோதுமையாலான மக்கரோனி திருநாளிலும் திருமணத்திலும் கிடைக்கும். இறைச்சி ஆண்டில் சில நாட்களுக்கே. வடபகுதியில் சோளக் களியொன்றையே உண்டு வாழ்ந்தோரைப் பெலாக்ரா என்னும் போசணைக் குறைபாட்டு நோய் வாட்டியது. கோதுமை குத்தகையாகப் போயிற்று. நல்ல எண்ணெய் சந்தைக்குப் போயிற்று. எவனுடைய வயலை அமெரிக்கக் கோதுமை பயனற்றதாக்கியதோ, அவனே அக்கோதுமை விளைந்த நாட்டை நாடிக் கப்பலேறினான். 1880-க்கும் 1920-க்கும் இடையில் ஐக்கிய அமெரிக்காவை அடைந்த இத்தாலியர் ஏறத்தாழ 40 இலட்சம் பேர். அவர்களுட் பெரும்பான்மையோர் தென்பகுதியினர்.

கங்காணியின் கடை

வந்தவரை முதலில் எதிர்கொண்ட இத்தாலியக் கடை, தெருவிலிருந்த கடையன்று. அது வேலை முகாமிலிருந்த கடையாகும். ஆங்கிலம் அறியாது, கையிற் பணமின்றி வந்திறங்கிய இளைஞரைப் பத்ரோனே எனப்பட்ட தரகன் கூட்டிச் சென்று இருப்புப்பாதைக்கும் கால்வாய் வெட்டுக்கும் அனுப்பினான். வேலை பெற்றுத் தந்ததற்குத் தரகு வாங்கினான். முகாமிலே உணவு விற்கும் உரிமையும் அவனிடமோ அவனுடைய கூட்டாளியிடமோ இருந்தது. பழுதான பாணுக்கும் புழுத்த மக்கரோனிக்கும் நகர விலையினும் மிக அதிகமான விலை. வெளியே வாங்கியவனுக்கு அபராதம், அல்லது வேலை நீக்கம். வாங்கியதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. இம்முறையை ஆராய்ந்த ஜோன் கொறன் என்பாரின் அறிக்கையை அமெரிக்கத் தொழிற் திணைக்களம் 1897-இல் வெளியிட்டது.

நம் மலைநாட்டுத் தோட்டங்களில் பெரிய கங்காணி கொடுத்த முற்பணமும், சம்பளத்திற் கழிக்கப்பட்ட அரிசியும் என்ன செய்தன என்பதை அறிந்தவர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை. தொழிலாளியின் வயிற்றைக் கையில் வைத்திருப்பவன் அவனுடைய காலையுங் கட்டிவிடுகிறான்.

தெருக்கோடிக் கடை

முகாம் வேலையிற் சில டொலர்களை மிச்சம் பிடித்தவர்களும், குடும்பத்தை அழைத்துக்கொண்டு நகரில் நிலைத்தவர்களும் மெல்ல மெல்லச் சிறு கடைகளைத் திறந்தனர். முன்னறையிற் கடை, பின்னறையிற் குடித்தனம். மனைவியும் பிள்ளைகளும் ஊதியமில்லாத வேலையாட்கள். நியூயோர்க்கிலே நேப்பிள்ஸ் பக்கத்தார் மல்பெரி வீதியிலும் சிசிலியர் எலிசபெத் வீதியிலும் குடியிருந்தனர். ஒருவரையொருவர் அவர்கள் அந்நியராகவே கருதினர். தம் ஊரின் கோயில் மணியோசை கேட்கும் எல்லையே தம் நாடு என எண்ணியவர்கள் அவர்கள். ‘இத்தாலியன்’ என்ற பெயரை அவர்களுட் பலர் முதன்முதலிற் கேட்டது, அமெரிக்க அதிகாரியின் வாயிலும் வசைபாடுவோரின் வாயிலுமே.

கடைக்காரனோ எல்லோருக்கும் விற்றாக வேண்டும். சிசிலியனுக்குக் கச்சோகவல்லோ, உரோமாபுரிப் பக்கத்தானுக்குச் செம்மறிப்பாலின் பெக்கொரீனோ, வசதி வந்தவனுக்கு வடபகுதியின் பார்மா பாற்கட்டி என எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கினான். இத்தாலியிலே அரசியலாளர் அரைகுறையாகச் செய்த ஒருமைப்பாட்டை, மல்பெரி வீதியிற் பலசரக்குக் கடைக்காரன் வியாபாரத்தின் பொருட்டுச் செய்து முடித்தான் எனலாம்.

வாங்கும் ஆற்றலும் புதிதாகப் பிறந்தது. கூலி குறைவே, இருப்பிடம் இருளடைந்ததே. எனினும் அமெரிக்காவில் மாவும் இறைச்சியும் மலிவு. கிராமத்தில் திருநாளுக்குரிய மக்கரோனி இங்கு ஞாயிறுதோறும், பின்னர் நாள்தோறும் வந்தது. மக்கரோனியின் மேலே பெரிய இறைச்சி உருண்டைகளை வைத்து உண்ணும் வழக்கம் அமெரிக்க இத்தாலியர் படைத்தது. மரபு என இன்று விற்கப்படும் அவ்வுணவு, உண்மையிற் கூலி உழைப்பின் கனியாகும். நிலப்பிரபுவின் மேசையைத் தூரத்திலிருந்து பார்த்தவன், வாய்ப்புக் கிடைத்தவுடன் அம்மேசையைத் தன் வீட்டில் அமைத்துக்கொண்டான்.

பண்டங்களும் முற்றிலும் இத்தாலியிலிருந்து வந்தவையல்ல. மக்கரோனிக்கேற்ற கடினக் கோதுமையின் விதையை 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் இரசியாவிலிருந்து கொணர்ந்து பரப்பியது. அது டக்கோட்டாச் சமவெளிகளிற் செழித்தது. முதலாம் உலக யுத்தத்தில் நேப்பிள்ஸ் கப்பல்கள் நின்றுபோக, உள்ளூர் ஆலைகள் பெருகின. இரசிய விதையில் டக்கோட்டாவில் விளைந்து புரூக்லினில் அரைபட்ட மாவே ‘இத்தாலிய’ மக்கரோனியாயிற்று.

கடையின் உயிர்நாடி கடன் கொப்பியே. பனிக்காலத்திற் கட்டட வேலை நின்றுவிடும். அப்போது குடும்பத்தைக் காப்பது, வாங்கியதைக் கொப்பியில் எழுதிவைத்துச் சம்பளம் வரும்வரை காத்திருக்கும் கடைக்காரன். அவனை அறச்சாலை நடத்தியவனாகக் கருதிவிடலாகாது. கடன்பட்டவன் வேறு கடைக்குப் போக முடியாது. விலையைப் பற்றி வாதிடவும் முடியாது. பல இடங்களிற் கடைக்காரனே ஊருக்குப் பணம் அனுப்பும் வங்கியாளன், கப்பற் சீட்டு விற்கும் முகவன், கடிதம் எழுதிக் கொடுப்பவன். இத்தகைய தெரு வங்கிகள் முறிந்து, ஏழைகளின் சேமிப்பு மறைந்ததும் உண்டு. ஆயினும் முகாமின் கடைக்கும் தெருக் கடைக்கும் ஒரு வேற்றுமை இருந்தது. முன்னதில் விற்பவனே வேலைக்கும் எசமான். பின்னதில் விற்பவன், வாங்குபவனின் சம்பளத்தை நம்பி வாழும் அயலவன். இவ்வேற்றுமையின் பயன் வேலைநிறுத்தக் காலங்களில் வெளிப்பட்டது.

மேலோர் இவ்வுணவை எவ்வாறு நோக்கினர் என்பதையுங் குறிப்பிடல் வேண்டும். 1890-இற் பொஸ்ரனிலே ‘நியூ இங்கிலாந்துச் சமையற்கூடம்’ தொடங்கப்பட்டது. ஏழைத் தொழிலாளருக்குச் சிக்கனமும் சத்துமுள்ள உணவைக் கற்பித்தல் அதன் நோக்கம். உள்ளியும் எண்ணெயும் சேர்ந்த கலப்புணவு சீரணத்துக்கு ஆகாதது, இறக்குமதிப் பாற்கட்டி வீண் செலவு என்பவை அக்காலச் சீர்திருத்தவாதிகளின் பொதுக் கருத்துகள். குடியேறியோர் அக்கூடத்தை நாடவில்லை. கூலியை உயர்த்தாமற் குழம்பை மாற்றச் சொல்லும் சீர்திருத்தத்தை அவர்கள் தம் வழியில் மறுத்துவிட்டனர்.

லோரன்ஸும் பரேயும்

மசசூசெற்ஸ் மாநிலத்தின் லோரன்ஸ் ஒரு நெசவாலை நகர். 1912 ஜனவரியில் அங்கு பெண்களுக்கும் சிறாருக்கும் வார வேலை நேரத்தை 56 மணியிலிருந்து 54 ஆகக் குறைக்குஞ் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆலை முதலாளிகள் நேரத்தோடு சம்பளத்தையுங் குறைத்தனர். குறைந்தது வாரத்துக்குச் சுமார் 32 சதம். செல்வருக்கு அது சில்லறை. கம்பளித் துணி நெய்யும் குடும்பத்துக்கோ சில நாட்களின் பாண். இத்தாலியப் பெண்களும் போலந்துப் பெண்களும் முன்னணியில் நிற்க, 20,000-க்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினர். அன்னா லொபிஸோ என்னும் இத்தாலியத் தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். சம்பவ இடத்தில் இல்லாத தலைவர்களான எற்றரும் ஜொவனித்தியும் அக்கொலைக்குப் பொறுப்பாளிகளென்று சிறையிலிடப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் அவர்கள் குற்றமற்றவர்களென விடுவிக்கப்பட்டனர்.

பல மொழி பேசிய அம்மக்களை இரண்டு மாதம் தாங்கியது எது? ஒவ்வோர் இனத்தாரும் தத்தம் உணவுச்சாலையை நடத்தினர். பெப்ரவரியில் வேலைநிறுத்தக்காரர் தம் பிள்ளைகளை வெளியூர்த் தோழர் வீடுகளுக்கு அனுப்பினர். முதற் கூட்டம் நியூயோர்க் சென்றது. பின்னர் 35 பிள்ளைகள் வேர்மொன்ற் மாநிலத்தின் பரே என்னும் சிற்றூருக்குச் சென்றனர். மார்ச்சில் முதலாளிகள் இறங்கி வந்து சம்பள உயர்வுக்கு இணங்கினர்.

பரே ஊர் நம் கருத்துக்குரியது. கரராவின் சலவைக்கல் தொழிலாளரும் லொம்பார்டிச் சிற்பிகளும் அங்கு கருங்கல் வெட்டக் குடியேறினர். கற்றூசி நுரையீரலிற் படிந்து இளமையிலேயே மாண்டோர் அவர்களிற் பலர். 1900-இல் அவர்கள் தம் கையாலேயே தொழிலாளர் மண்டபம் ஒன்றைக் கட்டினர். சுத்தியல் பிடித்த கை அதன் முகப்பிற் செதுக்கப்பட்டது. அம்மண்டபத்திலேயே கூட்டுறவுக் கடையொன்று நடந்தது. மேடையிலே பேச்சு, நடனம், விவாதம். அதே கட்டடத்தில் தம் உணவுப் பொருள்களைத் தாமே வாங்கித் தாமே விற்கும் கடை. 1913-இல் மண்டபத்தின் பின்னே கூட்டுறவுப் பேக்கரியும் எழுந்தது. பத்ரோனேயின் கடைக்குத் தொழிலாளி தந்த முழுமையான விடை இதுவே. இலாபத்தை எடுப்பவன் நீங்க, பாணும் எண்ணெயும் எஞ்சின.

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1903-இல் அம்மண்டபத்தில் அராஜகவாதிகளும் சோசலிஸ்டுகளும் மோதியபோது, எலியா கோர்ட்டி என்னும் சிறந்த சிற்பி சுடப்பட்டு இறந்தார். முதலாளியின் குண்டு அன்று; தோழரின் குண்டு. சகோதரரும் மைத்துனரும் செதுக்கிய அவரது உருவச்சிலை, கற்கருவிகள் சூழ, ஊரின் மயானத்தில் இன்றும் அமர்ந்திருக்கிறது. ஒரே கடையிற் பாண் வாங்கியோர் கொள்கைப் பிணக்கை எந்த அளவில் நிறுத்த வேண்டுமென்பதற்கு அச்சிலையை விடச் சிறந்த பாடம் வேண்டியதில்லை.

விலாங்கு மீனும் நீதியும்

நத்தாருக்கு முந்திய இரவில் இறைச்சி தவிர்த்து மீன் உண்பது தென் இத்தாலியரின் வழக்கம். விலாங்கு மீன் அதிற் சிறப்பிடம் பெறும். இச்சிறு வழக்கம் ஒரு மனிதனின் உயிரோடு பிணைந்த கதை உலகறிந்தது. பார்த்தொலோமியோ வன்செற்றி பிளிமத் நகரில் வண்டியிற் கூவி மீன் விற்றவர், அராஜகவாதி. 1919 டிசம்பர் 24-ஆந் திகதி பிரிட்ஜ்வோட்டர் என்னுமிடத்தில் நடந்த கொள்ளை முயற்சியில் அவர் பங்குகொண்டார் என 1920-இல் வழக்குத் தொடரப்பட்டது. அன்று காலை அவர் தமக்கு விலாங்கு மீன் விற்றார் என்று பன்னிரண்டுக்கு மேற்பட்ட இத்தாலியர் சாட்சி சொல்லினர். நத்தார்க் காலத்து விலாங்கு அவர்கள் மறக்கக்கூடியதன்று. யூரிமார் அவர்களை நம்பவில்லை. அத்தண்டனையின் நிழலிலேயே மறு ஆண்டு சாக்கோவுடன் அவர் கொலை வழக்கை எதிர்கொண்டார். 1927 ஆகஸ்ட் 23-இல் இருவரும் மின்நாற்காலியில் மாண்டனர். 1977-இல் மசசூசெற்ஸ் ஆளுநர், அவ்விசாரணை நீதியாக நடைபெறவில்லையெனப் பிரகடனஞ் செய்தார். ஒரு மக்களின் உணவு வழக்கத்தை அறியாதவர்கள், அறியவும் விரும்பாதவர்கள், அம்மக்களின் சாட்சியத்தை எடைபோட்டனர் என்பதே இதன் பொருள்.

கடையில் நுழைந்த பாசிசம்

1924-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தாலியர் வருகையை ஆண்டுக்கு 4,000-க்கும் குறைவாக ஒடுக்கியது. கதவு அடைபட்டு, ‘தாழ்ந்த இனம்’ எனப் பழிக்கப்பட்ட மக்களுக்கு, பெருமை பேசும் ஒரு குரல் ரோமாபுரியிலிருந்து கேட்டது. முசோலினியின் படம் பல கடைகளின் சுவரில் ஏறியது. 1935 அக்டோபரில் அவன் எதியோப்பியாவைத் தாக்கினான். அமெரிக்க இத்தாலியப் பெண்கள் பலர் தம் பொன் மணமோதிரங்களைக் கழற்றிக் கொடுத்தனர். அதே வேளையில் நியூயோர்க்கின் ஹார்லத்தில் வாழ்ந்த கறுப்பின மக்கள், எதியோப்பியாவுக்கு ஆதரவாக இத்தாலியர் கடைகளைப் புறக்கணித்தனர். ஏழைக்கு ஏழை பகையானான்.

கடை தந்த ‘இத்தாலியன்’ என்னும் பொதுப் பெயர் இங்கே கொடுங்கோலனின் கருவியாயிற்று. எல்லோரும் அதற்கு இரையாகவில்லை. தையற் தொழிற்சங்கங்களிலும் சிறு பத்திரிகைகளிலும் எதிர்ப்புத் தொடர்ந்தது. அவ்வெதிர்ப்பின் முன்னணியில் நின்ற கார்லோ திரெஸ்கா 1943 ஜனவரியில் நியூயோர்க் தெருவிற் சுட்டுக் கொல்லப்பட்டார். இதற்கிடையில் யுத்தம் மூண்டதும், குடியுரிமை பெறாத ஏறத்தாழ 6 இலட்சம் இத்தாலியர் பகைநாட்டார் எனப் பதியப்பட்டனர். அக்கட்டுப்பாடு 1942 அக்டோபரில் நீக்கப்பட்டது.

பேணியின் மேலுள்ள சித்திரம்

யுத்தத்தின் பின் இளந்தலைமுறையினர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். பெரும் அங்காடிகள் மக்கரோனியை மலிவாக விற்றன. தெருக் கடைகளிற் பெரும்பாலானவை மூடப்பட்டன. எஞ்சியவை ‘சிறப்புப் பண்ட’ கடைகளாயின. உள்ளி நாற்றம் என்று எள்ளப்பட்ட உணவு, உயர்ந்தோர் தேடி வரும் சுவையாயிற்று. ஏழை குடியிருந்த வீதியில் ஏழை இன்று வாடகை கொடுக்க முடியாது.

கடைத் தட்டிலுள்ள தக்காளிப் பேணியின் மேல் சிரித்த முகமுடைய கிராமத்துப் பெண்ணின் சித்திரத்தைப் பலமுறை காண்கிறோம். இன்று தென் இத்தாலியின் வயல்களில் தக்காளி பறிப்போரிற் பெருந்தொகையினர் ஆபிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்கள். ரோமாபுரிக்குத் தெற்கேயுள்ள வயல்களிலும் பசுமைக் கூடங்களிலும் பஞ்சாபியர் உழைக்கின்றனர். அவர்களைக் கூட்டிச் செல்பவன் கப்பொராலே எனப்படும் தரகன். வேலை பெற்றுத் தருவதற்கும், வாகனத்துக்கும், குடிதண்ணீருக்கும் கூலியிற் கழிக்கிறான். 2016-இல் இத்தாலியப் பாராளுமன்றம் 199-ஆம் இலக்கச் சட்டத்தால், தரகனை மட்டுமன்றி அவனைப் பயன்படுத்தும் நிலவுடைமையாளனையும் தண்டனைக்குள்ளாக்கியது. சட்டம் வந்தும் வழக்கம் ஒழியவில்லை. 2024 ஜூனில் லத்தீனா மாவட்டத்திலே இயந்திரத்திற் கை துண்டான இந்தியத் தொழிலாளி ஒருவர், வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லப்படாது தம் குடிசையருகே கைவிடப்பட்டு, இரண்டு நாட்களில் உயிர் துறந்தார். சக தொழிலாளரும் சங்கங்களும் ஆயிரக்கணக்கிற் திரண்டு நீதி கேட்டனர்.

1897-இல் இத்தாலியனின் முதுகில் ஏறியிருந்த தரகன், இன்று இத்தாலிய மண்ணிலே ஆபிரிக்கனின் முதுகிலும் இந்தியனின் முதுகிலும் ஏறியிருக்கிறான். விளைத்தவன் உண்ணாத நிலை இடம் பெயர்ந்ததேயன்றி மறையவில்லை. நம் மாணவர்க்கு உணவின் வரலாற்றைக் கற்பிக்கும்போது, எந்நாட்டார் எதை உண்கின்றனர் என்ற அட்டவணை போதாது. யார் விளைத்தார், யார் கழித்தார், யார் உண்டார் என்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்கப் பழக்குவோம். பரே ஊரின் சிற்பிகள் இக்கேள்விகளைக் கேட்ட பின்னரே தம் கடையைத் திறந்தனர். பாழடைந்து கிடந்த அவர்களது பேக்கரி அண்மை ஆண்டுகளிற் புதுப்பிக்கப்பட்டுள்ளது. அதன் அடுப்பு மீண்டும் எரிகிறது.